முகம் தெரியும்வரை காத்திருத்தல்

ஒவ்வோர் ஆண்டும் விடுமுறைக் காலம் முடிந்ததும் எனக்குப் படங்கள் வந்து சேரும். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் தாயகம் வந்து திரும்பும் நண்பர்களும் உறவினர்களும் மலையகத்தைச் சுற்றிப் பார்த்தபோது எடுத்த ஒளிப்படங்களை அன்போடு அனுப்பி வைப்பார்கள். அண்மையில் ஒருவர் அனுப்பிய தொகுதியில் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. அனைத்தும் ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்வரை வானில் சென்று திரும்பிய ஓர் அரைநாளில் எடுக்கப்பட்டவை. பச்சைச் சரிவு, பனிமூட்டம், நீர்த்தேக்கம், கொழுந்து பறிக்கும் பெண்களின் முதுகு, மீண்டும் பச்சைச் சரிவு. படங்களோடு வழக்கமான கேள்வியும் வந்திருந்தது: "அண்ணை, நேரில பார்த்த வடிவு படத்தில வரேல்லை. என்ன கமரா வாங்கினால் நல்லது?"

ஒன்றும் வாங்க வேண்டாம், அடுத்த முறை வரும்போது டிக்கோயாவில் ஏதாவது ஒரு கொழுந்து மடுவத்தின் அருகே அரைமணி நேரம் கமராவைத் தொடாமல் நின்று பாருங்கள் என்று பதில் எழுதினேன். அவர் அதைப் பகிடி என்றே எடுத்துக்கொண்டார். நான் சொன்னது பகிடியன்று. அதன் காரணத்தை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நான் ஒளிப்படக் கலைஞன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தவன். ஆயினும் எழுதுகிறவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. படம் எடுக்கிறவர் வேலை செய்யும்போது அவன் பக்கத்தில் குறிப்புப் புத்தகத்தோடு சும்மா நிற்பான். நல்ல படம் எப்படி உருவாகிறது என்பதை, எடுக்கிறவரைக் காட்டிலும் சில வேளைகளில் அவனே தெளிவாகப் பார்ப்பான்.

நான் இத்துறையில் காலடி வைத்தபோது பிலிம் ரோலின் காலம். ஒரு ரோலில் முப்பத்தாறு படங்கள். மலையகப் பயணம் ஒன்றுக்கு அலுவலகம் இரண்டு ரோல்களைக் கொடுக்கும். எழுபத்திரண்டு வாய்ப்புகள். அவற்றிலும் சிலவற்றைத் திரும்பும் வழியில் நேரக்கூடிய எதிர்பாராத சம்பவத்துக்கென மிச்சம் வைக்கவேண்டும். என்னோடு பல பயணங்களில் வந்த மூத்த படப்பிடிப்பாளர் ஒருவர் இருந்தார். இன்று அவர் இல்லை. ஓரிடத்தில் இறங்கியதும் அவர் கமராவைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். முதலில் அந்த இடத்தை ஒருமுறை சுற்றி நடப்பார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மனிதர்கள் எந்த வழியால் வந்து எந்த வழியால் போகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து அங்கேயே நிற்பார். மாலைக்குள் செய்தியை அனுப்பவேண்டிய அவசரத்தில் நான் அவரை முடுக்கினால், "படம் எடுக்கிறது கடைசி வேலை, ஐசே. முதல்ல பார்த்து முடிக்கணும்" என்பார்.

இன்று கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் எடுத்தாலும் செலவு இல்லை. அது நல்லதே. ஆனால் விரல் அழுத்தத் தொடங்கியதும் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. கூர்மையையும் வெளிச்ச அளவையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்ற இரண்டையும் அது இன்னமும் நம்மிடமே விட்டுவைத்திருக்கிறது. நேரில் கண்ட அழகு படத்தில் வராமற்போவது பெரும்பாலும் இந்த இரண்டினாலேயே.

டிக்கோயாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் போகும் வீதியில் சில கிலோமீற்றர் தூரத்தில் எதிர்ப்படும் சிறு நகரம் அது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடக்கும். அதைப் பார்த்தபடி 1878-இல் எழுப்பப்பட்ட வார்லி தேவாலயம் நிற்கிறது. வானம் தெளிந்த நாளில் சிவனொளிபாதமலையின் கூம்பும் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் படம் என்று தோன்றும். வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தேயிலைச் சரிவைக் கண் பார்ப்பதும் கமரா பார்ப்பதும் ஒன்றல்ல. நம் கண் சரிவின் மேல் ஓடி ஓடித் தூரத்தையும் மேடு பள்ளத்தையும் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. கமராவுக்கு அது பச்சைக்கு மேல் பச்சை. நண்பகலில் வெயில் உச்சியிலிருந்து விழும்போது கொழுந்திலைகளின் மினுக்கம் வானத்தைப் பிரதிபலித்து வெளிறிப்போகும். செடிகளுக்கு இடையே நிழல் இருக்காது. நிழல் இல்லாதபோது உருவமும் இராது. அதே சரிவைக் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு நிரையும் தன் நிழலை அடுத்த நிரையின் மேல் போட்டிருக்கும். மலையின் வளைவு நெளிவெல்லாம் கோடு கிழித்தாற்போலத் தெரியும்.

பனிமூட்டத்துக்கு வேறு கணக்கு. வெளிச்சத்தை அளக்கும் கருவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். ஆகவே வெண்பனியைக் காட்டினால் அழுக்குச் சாம்பலைத்தான் தரும். படத்தின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் பனி பனியாக வரும். அத்தோடு அருகில் இருண்ட பொருள் ஒன்று வேண்டும். ஒரு நிழல்மரம், ஒரு கம்பம், பாதையில் வரும் ஒரு மனிதர். அது இருந்தால்தான் பின்னால் இருப்பது பனி என்று பார்க்கிறவருக்குப் புரியும். அந்த மனிதர் வரும்வரை நிற்கவேண்டும் என்பதுதான் சிரமம். குளிரில் நம் மூச்சே வில்லையில் படிந்து மங்கலாக்கும் என்பதையும் மறக்கலாகாது. படம் தெளிவில்லை என்று கைத்தொலைபேசியைத் திட்டுகிறவர்களில் பலர், வில்லையைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்திருந்தால் போதும்.

சரிவிலே இன்னொரு மயக்கமும் உண்டு. சமதரை என்று ஒன்று கண்ணில் படாத இடத்தில், மலையின் சாய்வோடு நம் கையும் சாய்ந்துவிடும். எடுத்த படத்தில் மரங்களெல்லாம் விழப்போவதுபோல் நிற்கும். தரையைப் பார்க்காமல் மரத்தையோ லயத்தின் சுவர்மூலையையோ பார்த்து நிமிர்த்திப் பிடிக்கவேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரையில் டிக்கோயாவின் காலைகள் தெளிவானவை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாள் முழுவதும் தூறல்தான். சுற்றுலா வருகிறவர்கள் மழையைக் கண்டு சலித்துக்கொள்வார்கள். நான் சொன்ன படப்பிடிப்பாளருக்கோ அந்தத் தூறல் நாள்கள்தாம் பிடித்தமானவை. மேகம் மூடிய வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்குப்போல் ஆகி, முகத்தில் கடும் நிழல் விழாமல் காக்கும் என்பார். முகத்தைப் படமெடுக்க மழைக்கால வெளிச்சமே இதமானது. காலில் அட்டை ஏறும் என்பது வேறு விடயம்.

முகம் என்றேனே, மலையகப் படங்களில் அரிதாகக் காணப்படுவதும் அதுதான். கொழுந்து பறிக்கும் பெண் தலையில் துணியைப் போட்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டியிருப்பார். இப்போது பல இடங்களில் கூடைக்குப் பதிலாகப் பையோ சாக்கோ வந்துவிட்டது. இடுப்பில் படங்கு கட்டியிருப்பார். வேலை குனிந்து செய்கிற வேலை. பார்வை செடியின் மேலேயே இருக்கும். வீதி மேலே, மலை கீழே. வீதியில் வானை நிறுத்திவிட்டு எடுக்கிறவருக்குக் கிடைப்பது தலைத்துணியும் முதுகும் கூடையும்தான். ஒருமுறை டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் சம்பளப் பிரச்சினை பற்றி எழுதப் போயிருந்தபோது, வயதான அம்மா ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏந்தம்பி, வர்றவங்க எல்லாரும் எங்க முதுகையும் கூடையையும்தான் புடிச்சிக்கிட்டுப் போறாங்க. எங்களுக்கு மூஞ்சி இல்லையா?" செய்திக்கெனக் கேட்ட கேள்விகளின் விடைகள் பழைய குறிப்புப் புத்தகத்தோடு போய்விட்டன. அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

அன்று அந்தப் படப்பிடிப்பாளர் செய்ததைச் சொல்கிறேன். மலையில் நின்ற கங்காணியிடமும் பெண்களிடமும் அனுமதி கேட்டார். பிறகு வீதியை விட்டுக் கீழ்ப்பாதைக்கு இறங்கி, அவர்கள் பறித்துக்கொண்டிருந்த நிரைக்குக் கீழே போய் நின்றார். கீழேயிருந்து பார்த்தால் குனிந்த முகமும் தெரியும். திறந்த வானத்தின் வெளிச்சம் தலைத்துணிக்கு அடியிலும் எட்டும். முதல் ஐந்து நிமிடம் வெட்கமும் சிரிப்பும். இளம் பெண்கள் ஒருவருக்குப் பின் ஒருவர் ஒளிந்தார்கள். ஒருவர் பெண்பார்க்க வந்தவர் முன்னால் நிற்பதுபோல் நின்றார். அடுத்த ஐந்து நிமிடம், இவன் ஏன் இன்னும் போகவில்லை என்ற பார்வை. அதற்குப் பிறகு அவர்கள் எங்களை மறந்துவிட்டார்கள். கை தன் வேலையைச் செய்ய, பேச்சு மகளின் திருமணத்துக்கும் கடைக்கடனுக்கும் போய்விட்டது. அப்போதுதான் அவர் கமராவை உயர்த்தினார். அந்த மலையில் மொத்தமாக எடுத்தது ஐந்தோ ஆறோ படங்கள்.

பின்னேரம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம். நாளில் முகங்கள் நிமிரும் வேளை அது. கூடையைத் தராசில் தொங்கவிட்டதும் எல்லோருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போகும்: முள் எங்கே நிற்கிறது? சாக்கின் எடை, ஈரத்தின் எடை என்று கழிப்பதெல்லாம் கழித்து, கணக்கப்பிள்ளை எந்த எண்ணை எழுதப்போகிறார்? அன்றைய நாள் முழுப்பேராகுமா அரைப்பேராகுமா என்பது அந்த எண்ணில் இருக்கிறது. நிறுப்பவரையும் தராசையும் குவிந்த கொழுந்தையும் படமெடுத்துவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். தராசுக்குப் பக்கத்தில், முள்ளைப் பார்க்கிறவர்களின் எதிரே நின்று காத்திருந்தால் அந்த முகங்கள் கிடைக்கும். நண்பரை அரைமணி நேரம் மடுவத்தில் நிற்கச் சொன்னது இதற்காகத்தான். எந்தக் கணத்தில் எல்லோரும் நிமிர்வார்கள் என்பது, இரண்டு மூன்று கூடைகள் நிறுக்கப்படுவதைச் சும்மா பார்த்தவருக்குத் தெரியும். வந்தவுடன் அழுத்துகிறவருக்குத் தெரியாது.

இந்தப் பள்ளத்தாக்கில் நின்று ஒளிப்படத்தையும் பொறுமையையும் பற்றிப் பேசும்போது ஒரு பெண்மணியைக் குறிப்பிடாமல் விடமுடியாது. உலக ஒளிப்பட வரலாற்றின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் ஜூலியா மார்கரட் கமரன், 1879 ஜனவரி 26 அன்று இறந்தது டிக்கோயாப் பள்ளத்தாக்கில், கிளென்கெய்ர்ன் தோட்டத்தில். பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு இறந்த அவருடைய கணவரும் அங்கேயே துயில்கிறார். அந்தக் கணவர் வேறு யாருமல்லர். நாம் பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் சார்ள்ஸ் ஹே கமரன்தான். ஆணைக்குழுவைப் படித்த நம்மில் எத்தனைபேர் அவருடைய மனைவியை அறிந்திருக்கிறோம்?

ஜூலியா 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்குச் சூட்டிய பெயர் டிம்போலா. அவர்களுக்கு இலங்கையில் இருந்த தோட்டத்தின் பெயர் அது. 1863-இல், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டு வயதில்! இனி எங்கே கற்பது என்று சொல்லும் என் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கோழிக்கூண்டைக் கண்ணாடிக் கூடமாக்கி, கரிக்கொட்டகையை இருட்டறையாக்கித் தொடங்கினார். சில வாரங்களில், 1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியின் படம் அமைந்தது. அதையே தம் முதல் வெற்றி என்று கருதினார்.

அன்றைய முறையை அறிந்தால் நம் அவசரம் நமக்கே வெட்கமாக இருக்கும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைச் சீராக ஊற்றிப் பரப்பவேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அதைத் தோய்க்கவேண்டும். ஈரம் காய்வதற்கு முன்னரே கமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டோடி உருத்துலக்கவேண்டும். ஒரு தகட்டுக்கு ஒரு படம். அமர்ந்திருப்பவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்கவேண்டும். சார்ள்ஸ் டார்வின், கவிஞர் ரெனிசன், வானியலாளர் ஜோன் ஹேர்ஷல் ஆகியோர் எல்லாம் அவர் முன்னால் அப்படி அமர்ந்தவர்களே. 1867-இல் எடுத்த ஹேர்ஷலின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கலைந்த வெண்தலை, இருட்டிலிருந்து எழும் இரு கண்கள், வேறொன்றுமில்லை. உருவம் கூர்மையாக இல்லை, தகட்டில் கறை இருக்கிறது என்றெல்லாம் அக்காலத்து ஒளிப்படச் சங்கத்தவர்கள் குறை சொன்னார்கள். தம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் வில்லையை நிறுத்திக்கொள்வதே அவர் வழக்கம்.

ஒருவர் ஒரு கணம் சிரிக்கலாம்; சில நிமிடங்கள் ஒரே சிரிப்பைத் தாங்க முடியாது. பார்க்கிறவருக்காகப் போட்டுக்கொண்ட முகம் மெல்லக் கழன்று, உள்ளே இருக்கும் முகம் வெளியே வருகிறது. தேயிலை நிரையில் பத்து நிமிடம் கழித்து நாங்கள் கண்டதும் இதைத்தான். அந்த அம்மையாருக்கு இரசாயனம் கட்டாயப்படுத்திக் கொடுத்த காத்திருப்பை, நாம் விரும்பி மேற்கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

கமரன் தம்பதியர் 1875-இல் இலங்கைக்கு வந்தார்கள். அப்போது இம்மலைகளில் கோப்பியே முதன்மைப் பயிர். 1869-இல் தோன்றிய இலைநோய் அதை அழித்துக்கொண்டிருந்தது. தேயிலை அதன் இடத்தை முழுமையாகப் பிடிக்கச் சில ஆண்டுகள் இருந்தன. களுத்துறையிலும் மலைத் தோட்டங்களிலுமாக வாழ்ந்த அந்த மூன்று ஆண்டுகளில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. வெப்ப நாட்டில் கொலோடியன் விரைவில் உலர்ந்துவிடும் என்பதை எண்ணினால் அந்த எண்ணிக்கை வியப்பளிக்காது. 1877-இல் களுத்துறையில் தம்மிடம் தங்கிய தாவர ஓவியர் மரியான் நோர்த்தை எடுத்தார். உள்ளூர் மக்களையும் தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் எடுத்தார். அந்த முகங்களில் நம் முன்னோரின் முகங்கள் இருக்கின்றன. எள்ளல் இல்லாமல், அவசரம் இல்லாமல், டார்வினுக்குக் கொடுத்த அதே நேரத்தைக் கொடுத்து எடுக்கப்பட்டவை.

ஆனால் படத்தின் கீழே பாருங்கள். டார்வின் டார்வினாகவே இருக்கிறார். இங்கிலாந்தில் அவர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து, மரியன்னையாகப் பலமுறை அமர்ந்தவரின் பெயரும் மேரி ஹிலியர் என்று வரலாற்றில் நிற்கிறது. இங்கே எடுத்த படங்களுக்கோ களுத்துறைக் குடியானவர்கள் குழு என்ற வகையிலான தலைப்புகள்தாம். அத்தனை நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடமிருந்து அதற்குரிய பெயர் நமக்கு வந்து சேரவில்லை. மொழி இடையில் நின்றிருக்கலாம், காலமும் நின்றிருக்கலாம். காரணம் எதுவாயினும் இழப்பு நம்முடையது.

அவருக்குப் பின்னர் வந்தவர்களிடம் அந்தப் பொறுமையும் இருக்கவில்லை. 1890-இல் தோமஸ் லிப்டன் இங்கே தோட்டங்களை வாங்கியபின், கூடை சுமந்த பெண்ணின் உருவம் தேயிலைப் பெட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் உலகம் சுற்றியது. கொழும்பு ஸ்டூடியோக்கள் அச்சிட்டு விற்ற அஞ்சலட்டைகளில் அவர் 'தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்' ஆனார். 2023-இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். அந்நாள்களில் ஒரு கட்டுரைக்காகப் பழைய படங்களைத் தேடியபோது என் கைக்குக் கிடைத்தவற்றில் ஆயிரம் முதுகுகள் இருந்தன. பெயர்கள் மிகச் சில. தோட்டத்தின் பெயர் இருக்கும், துரையின் பெயர் இருக்கும், சில படங்களில் துரையின் நாயின் பெயர்கூட இருக்கும்.

அப்படியானால் பெயரோடு கூடிய படங்களே மலையகத்தில் இல்லையா? உண்டு; லயத்து அறைகளின் சுவர்களில் உண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தது. அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1984-இல் இராமேசுவரக் கப்பல் நின்றுபோகும்வரை அந்தப் பிரிவு நடந்துகொண்டிருந்தது. பயணத்துக்கு முன்னர் நகரத்து ஸ்டூடியோவுக்குக் குடும்பத்தோடு போய், இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. வரைந்த திரைக்கு முன்னால், கைகளை முழங்காலில் வைத்து, அசையாமல். பின்புறத்தில் பேனாவால் எழுதியிருக்கும்: பெரியப்பா, பெரியம்மா, சின்னவன், திகதி. கலை நுட்பம் பேசுகிறவர்கள் அந்தப் படங்களை விறைப்பானவை என்பார்கள். இதுதான் ஒருவரையொருவர் காணும் கடைசி முகமாக இருக்கலாம் என்று அறிந்தவர்கள் விறைப்பாகத்தான் இருப்பார்கள். அவை கமரன் அம்மையாரின் படங்களில் இல்லாத ஒன்றை உடையவை. அந்த முகங்களை நாம் பெயர் சொல்லி அழைக்கலாம்.

இனி நம் வீட்டுப் படங்களுக்கு வருவோம். வாசிக்கும் உங்களில் பெரும்பாலோர் டிக்கோயாவுக்குப் போகப்போவதில்லை. உங்கள் படங்கள் பிள்ளையின் பிறந்தநாளும், அம்மம்மாவின் சமையலும், கோயில் திருவிழாவும்தான். விதிகள் மாறுவதில்லை.

வெளிச்சத்தை முதலில் பாருங்கள். லயத்து அறை ஒன்றில் பகலிலும் இருள் இருக்கும். வெளிச்சம் வருவது வாசல் ஒன்றாலேயே. அந்த வாசற்படிக்குச் சற்று உள்ளே பாட்டியை உட்காரவைத்துப் பாருங்கள். ஒரு கன்னத்தில் வெளிச்சம் வந்து மறு கன்னத்தில் மெல்ல அடங்கும். கமரன் அம்மையார் தம் கண்ணாடிக் கூடத்தில் தேடியதும் ஒரு பக்கத்திலிருந்து வரும் இந்த வெளிச்சத்தைத்தான். மார்க்கத்திலும் ஹரோவிலும் உள்ள வீட்டுச் சன்னல்களும் இதையே தரும். மின்வெட்டொளியை அணைத்துவிடுங்கள், அது முகத்தைச் சுவராக்கும். முதுகுக்குப் பின்னால் வானமோ சன்னலோ இருந்தால், திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நம்மவரின் மாநிறமும் கறுப்பும் கரியாய்ப் போவது பெரும்பாலும் இதைச் செய்யாமையால்தான்.

அடுத்து விளிம்புகளைப் பாருங்கள். முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, தலைக்குப் பின்னால் முளைத்த விளக்குக் கம்பமும் ஓரத்தில் கிடக்கும் பிளாஸ்ரிக் வாளியும் தெரியாது. இரண்டடி விலகி நின்றால் இரண்டும் மறைந்துவிடும். பிள்ளையை எடுக்கும்போது முழங்காலிட்டு அதன் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். தூரத்தில் இருப்பதைத் திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள், நடந்து கிட்டப்போங்கள்.

பிறகு, "சிரிங்கோ" என்று சொல்வதை நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தால் வெட்டட்டும். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பேச்சுக்கொடுங்கள். அவர் கத்தியைக் கழுவி வைத்து, முன்கையால் நெற்றியைத் துடைத்து, ஒரு மூச்சு விடுகிற கணம் ஒன்று வரும். எத்தனை முறை பார்த்திருக்கிறோம் அந்த அசைவை! அவர் இல்லாமற்போன பின்னர் நம் நினைவில் வருவது அதுவாகத்தான் இருக்கும். கேக்குக்குப் பின்னால் நின்று சிரித்த முகமாக இராது.

எடுத்தபின் மாலையில் உட்கார்ந்து, நானூறில் பத்தைத் தெரிந்தெடுங்கள். ஏன் இது, ஏன் அது இல்லை என்று உங்களையே கேளுங்கள். அடுத்த முறை எங்கே நிற்கவேண்டும் என்பதை எந்தப் பாடநூலைக் காட்டிலும் அந்தப் பத்துப் படங்கள் சொல்லித்தரும். ஒரே சன்னலை, ஒரே தெருமுனையை, வேறு வேறு நேரங்களில் ஒரு வாரம் எடுத்துப்பாருங்கள். வெளிச்சத்தைப் படிக்க அதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை.

அந்தப் பத்துக்கும் பெயர் எழுதுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு. கைத்தொலைபேசி நாளைக் குறித்துவைக்கும். உறவை அது அறியாது. மலையில் கொழுந்து பறிக்கும் ஒருவரைப் படமெடுத்தால் அவரிடம் பெயரைக் கேளுங்கள், ஊரைச் சொல்லுங்கள், எடுத்த படத்தை அவருக்குக் காட்டுங்கள். இப்போது அவர் வீட்டிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கும், அனுப்பிவையுங்கள். பெயர் கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவிடாமற்போனதால்தான் இருநூறு ஆண்டுகளாக ஒரு சமூகம் உலகத்தின் தேயிலைப் பெட்டிகளில் பெயரில்லாமல் நிற்கிறது.

புதிய கமரா வாங்குவதென்றால் வாங்குங்கள். வேண்டாமென்று தடுப்பவன் நான் அல்லன். பெட்டியைப் பிரிக்குமுன் யாரை எடுக்கப்போகிறீர்களோ அவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள்.